பல்லுக்கு ஏற்ற கேமரா பாடி

எங்கள் பஸ் நிலையத்தில் மாடிப்படிக்குக் கீழே இரண்டு தொழில் நடக்கிறது. படிக்கு இந்தப் பக்கம் நான் குடை ரிப்பேர் செய்கிறேன். அந்தப் பக்கம் அரசாங்கம் தொலைந்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. போர்டில் ‘பயணிகளால் கைவிடப்பட்ட பொருட்களின் பாதுகாப்பு மற்றும் மீளளிப்புப் பிரிவு’ என்று போட்டிருக்கும். படித்து முடிப்பதற்குள் வந்த விஷயம் மறந்துவிடும் என்பதால் நாங்கள் அதை மறதி ஆபீஸ் என்போம்.

ஒரு நாள் காலையில் அந்த ஜன்னலில் ஒரு ஏலக்காரர் வந்து நின்றார். காய்கறி மொத்த மார்க்கெட்டில் முப்பது வருஷமாக ஏலம் கூவுகிறவர். வேலை முடிந்ததும் பல் செட்டைக் கழற்றி ஈறுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பது அவர் பழக்கம். முந்தின நாள் பஸ்ஸில் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டவர், கண் அசந்து, ஸ்டாப் வந்ததும் பதறி எழுந்து, பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பல் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. அங்கே பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை ஊரே அலமாரி அக்கா என்றுதான் கூப்பிடும். அவள் அதை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, நாலாவது தட்டில் வைத்திருந்தாள். ஜன்னலில் இருந்தே தெரிந்தது. பல் அவரைப் பார்த்துச் சிரித்தது. பதிலுக்குச் சிரிக்க அவரிடம் பல் இல்லை.

“இதுதாங்க,” என்றார்.

“தெரியுதுங்க. உங்க வாயப் பாத்தாலே தெரியுது,” என்றாள் அக்கா. “ஆனா படம் எடுக்காம குடுக்கக் கூடாது. கேமரா நேத்துத்தான் செத்துப் போச்சு.”

இந்தப் படம் எடுக்கிற விதி எப்படி வந்தது என்றால், முன்னொரு காலத்தில் ஒருவர் குடையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு விசாரணை நடந்து, மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அன்று முதல் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் பொருளும் உரியவரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். படம் பதிவேட்டில் ஒட்டப்பட வேண்டும். அதற்குப் பிறகு தப்பாகப் போன குடைகள் எல்லாவற்றுக்கும் ஆபீஸில் படம் இருக்கிறது.

ஏலக்காரர் தன் நிலைமையைச் சொன்னார். பல் இல்லாமல் கூவினால் காற்றுதான் வருகிறது, விலை வரவில்லை. அன்று விடியற்காலை ஏலத்திலேயே வியாபாரிகள் ஒன்றைக் கேட்டு ஒன்றை வாங்கிச் சண்டை போட்டுவிட்டார்கள். மாதக் கடைசி வரைக்கும் பார்ப்போம், அப்புறம் வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம் என்று மார்க்கெட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அக்கா அவரைக் கண்காணிப்பாளரிடம் அனுப்பினாள். கண்காணிப்பாளர் நல்ல மனுஷர், யாரையும் கோபித்துக்கொள்ள மாட்டார். அதனால்தான் அவரிடம் எதுவும் நடக்காது.

அந்தச் சமயம் வரிசையில் நின்ற ஒரு டீச்சர், செல்போனில் ஒரு படம் எடுத்தால் ஆயிற்றே என்றாள். கண்காணிப்பாளர் அவளைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். செல்போன் பேசுவதற்கான கருவி என்றார். அக்காவின் போனில் எடுத்தால் படம் அக்காவுக்குச் சொந்தம். படம் அக்காவுக்குச் சொந்தமானால் படத்தில் உள்ள பல்லும் அக்கா பொறுப்பில் போனதாகிவிடும். நாளைக்கு அக்கா வேலையை விட்டுப் போனால் பல்லுக்கு யார் பதில் சொல்வது? டீச்சர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“கவலைப்படாதீங்க,” என்று கண்காணிப்பாளர் ஏலக்காரரைத் தேற்றினார். “புதுக் கேமரா வாங்க அனுமதி இருக்கு. ஆனா கேமராங்கறது கத்திரிக்காய் இல்ல. நம்ம தேவை என்னன்னு மொதல்ல தெரியணும். தேவைக்கு ஏத்த பாடி. அதத் தேர்ந்தெடுத்துட்டா பாதி வேலை முடிஞ்சது.”

பாடி என்றால் கேமராவின் உடம்பு, அந்தக் கறுப்புப் பெட்டி. அதற்கு முன்னால் மாட்டுகிற கண்ணுக்கு லென்ஸ் என்று பெயர், அது தனியாக வரும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஏலக்காரருக்கு டோக்கன் பதினாலு கொடுத்தார்கள். எனக்கு ஏற்கெனவே பதினொன்று. பஸ்ஸில் விட்ட என் குறடு மூன்றாவது தட்டில் இருந்தது.

அந்த வாரமே ‘கேமரா உடற்பகுதித் தேர்வுக் குழு’ அமைக்கப்பட்டது. கண்காணிப்பாளர் தலைவர். கணக்கர் உறுப்பினர். வல்லுநர் ஒருவர் வேண்டும் என்று விதி சொன்னதால், கண்காணிப்பாளருடைய மனைவியின் தம்பியை வல்லுநராகப் போட்டார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை படம் எடுப்பவர். நிறையப் பை உள்ள கோட்டு ஒன்று போட்டிருப்பார், ஒரு பையிலும் எதையும் பார்த்ததில்லை. வரிசையில் நாங்கள் அவரைப் பறவை சார் என்போம்.

குழு மறதி ஆபீஸுக்குள்ளேயே கூடியது. ஜன்னல் திறந்திருந்ததால் நான் கம்பி கோத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன்.

முதல் கூட்டத்தில் கணக்கர் ஒரு சிக்கலைக் கிளப்பினார். பல்லும் உரியவரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும், சரி. பல் வாயில் இருக்க வேண்டுமா, கையில் இருக்க வேண்டுமா? வாயில் இருந்தால் பொருள் சரியாகத் தெரியாது. கையில் இருந்தால் அது அவர் பல்தான் என்பதற்கு அத்தாட்சி இல்லை. அரை நாள் யோசித்தார்கள். கடைசியில் பறவை சார் தீர்த்து வைத்தார். கையிலிருந்து வாய்க்குப் போகும்போதே எடுத்துவிட வேண்டும், அதற்கு நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுக்கிற பாடி வேண்டும், பறவை சிறகு விரிக்கும்போது அவர் அப்படித்தான் எடுப்பாராம். தேவை என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் இருட்டு வந்தது. மாடிப்படிக்குக் கீழே என்பதால் பகலிலும் அங்கே மங்கல்தான். இருட்டிலும் பளிச்சென்று எடுக்கிற பாடி வேண்டும் என்றார்கள். அலமாரி அக்கா, ட்யூப்லைட் ஒன்று அணைந்து கிடக்கிறது, அதை மாற்றினால் போதுமே என்றாள். ட்யூப்லைட் மின்சாரப் பிரிவின் பொறுப்பு, கேமரா நம் பொறுப்பு, அடுத்தவர் வேலையில் நாம் தலையிடக் கூடாது என்று கண்காணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். கூரை ஒழுகுகிறதே என்றபோதும் அப்படித்தான். மழையில் நனைந்தாலும் கெடாத பாடி என்று ஒரு வரி சேர்ந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை இயக்குநர் வருவார். அவரை நிற்கவைத்து எடுக்கிற படத்தில் பின்னால் சுவர் காரை பெயர்ந்து தெரியும். பின்னால் இருப்பதைப் புகையாக்கிவிட்டால் சுவர் மறையும், அதற்குப் பெரிய சென்சார், அதாவது உள்ளே படம் விழுகிற தகடு, வேண்டும். சுவரைப் பூசுவதைவிட இது சிக்கனம் என்று கணக்கர் கணக்கே போட்டுக் காட்டினார். பிறகு புறா. நிலையத்துக் கூரையில் புறா நிறைய. ஒரு புறா என்றைக்கோ ஒரு பார்சலின் நூலை உருவிக்கொண்டு போனதை அக்காவே பார்த்திருக்கிறாள். நாளைக்கு ஒரு பொருளைப் புறா எடுத்துப் போனால் தூரத்திலிருந்து படம் எடுத்து நடவடிக்கை எடுக்க வேண்டாமா? பறவை சார் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சாந்தி வந்தது.

“அப்ப லென்ஸ் எது மாமா வாங்குறது?” என்று அவரே கேட்டார்.

“அது பெரிய சமாச்சாரம் மாப்ள. அதுக்குத் தனிக் குழு. இப்ப பாடியில கவனத்த வை,” என்றார் கண்காணிப்பாளர்.

இப்படி வாரம் ஒரு தேவை வந்துகொண்டிருந்தது. ஏலக்காரர் தினமும் மார்க்கெட் முடிந்து நேரே வருவார், டம்ளரை ஒரு பார்வை பார்ப்பார், வரிசையில் நிற்பார். புதுப் பல் கட்டிக்கொள்ளலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். “அடுத்த வாரம் குடுத்துருவோம்னு சொல்றாங்களேண்ணே. அதுக்குள்ள எதுக்கு?” என்றார். அடுத்த வாரம் என்று அவர்கள் ஒவ்வொரு வாரமும் தவறாமல் சொன்னார்கள்.

வரிசையிலும் ஒரு மாறுதல் வந்தது. முதலில் எல்லோரும் திட்டினோம். பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டு, எங்களுக்கும் ஒரு ருசி தட்டிவிட்டது. உள்ளே முகம் பார்க்கிற மாதிரிக் கண்ணாடி இருக்கிற கேமரா நல்லதா, கண்ணாடி இல்லாததா என்று வரிசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக் கட்சி. டீச்சர் கண்ணாடி இல்லாத கட்சி. அவள் தொலைத்தது பரீட்சைப் பேப்பர் கட்டு, பிள்ளைகள் இந்தக் குழு நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் காலையில் வணக்கம் சொல்வதையே நிறுத்திக்கொண்டார்கள். நான் சென்சார் பெரிசா சிறிசா என்பதில் ஆழமாக இறங்கிவிட்டேன். ஜன்மத்தில் ஒரு படம் எடுத்ததில்லை. ஆனாலும் குடைக்கு வந்தவர்களைப் பிடித்து வைத்துச் சொல்வேன். ராத்திரி சாப்பிடும்போதும் விடவில்லை. என் வீட்டுக்காரி சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “குடைக்கு அடியில உக்காந்திருக்கற மனுஷனுக்கு இருட்டுல படம் எடுக்கற பாடி எதுக்கு? மொதல்ல அந்தக் குறட வாங்கிட்டு வா.”

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு சம்பவம். கண்காணிப்பாளர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அலமாரி அக்கா நாலாவது தட்டிலிருந்து டம்ளரை எடுத்து, ஒரு பழைய பேப்பரில் சுற்றி, ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“வாங்கிட்டுப் போங்க,” என்றாள். “கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

ஏலக்காரர் கையை நீட்டினார்.

“அவரு பதினாலுதானே,” என்று ஒரு குரல் கேட்டது. “நான் பதினொண்ணு.”

அந்தக் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியாயம்தானே என்றார் மருந்துக்கடைக்காரர். விதி என்றால் எல்லோருக்கும் விதிதான் என்றாள் டீச்சர். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர்கள் இருவரும் ஒத்துப்போனார்கள். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டம்ளரைத் தட்டில் வைத்தாள். ஏலக்காரர் கசங்கிய டோக்கனைத் தொடையில் வைத்து நீவி நீவிச் சரி செய்தார்.

மாதம் பிறந்ததும் மார்க்கெட்டில் வேறு ஒரு ஆள் கூவ ஆரம்பித்தார். இவரை மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போட்டார்கள். பல் வந்தால் சொல்லுங்கள், மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

நாலு மாதம் கழித்துப் பாடி தேர்ந்தெடுக்கப்பட்டது. இருபத்தேழு தேவைகளுக்கும் ஏற்ற பாடி. கணக்கர் கடைக்குப் போய்ப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஆபீஸ் வண்டியில் போயிருக்கலாம், ஆனால் வண்டி வாங்குகிற குழு இன்னும் முடிக்கவில்லை. உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்தார். வெயில், கண் அசந்தது. ஸ்டாப் வந்ததும் பதறி எழுந்து, குடையை ஞாபகமாக எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் ரிப்பேர் செய்த குடைதான்.

ஒரு மணி நேரத்தில் கண்டக்டர் பெட்டியைக் கொண்டுவந்து ஜன்னலில் கொடுத்தார். அக்கா பதிவு செய்து, சீட்டு கட்டி, அரக்கு முத்திரை வைத்தாள். எண் அறுநூற்றுப் பன்னிரண்டு. கண்காணிப்பாளர் ஓடி வந்து கையை நீட்டினார்.

“படம் எடுக்கணுமே சார்,” என்றாள் அக்கா.

அவர் நீட்டின கை அப்படியே நின்றது. நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம். அன்றைக்குத்தான் அவர் எவ்வளவு நேர்மையானவர் என்று தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டார். சுற்றி வெளியே வந்து, வரிசையில் கடைசியாக நின்று, தனக்கே ஒரு டோக்கன் கேட்டு வாங்கினார். முப்பத்தொன்று.

பறவை சார் மட்டும் விடவில்லை. “அந்தக் கேமராவை வெச்சே அதை எடுத்துட்டா என்ன மாமா? எதிர்ல ஒரு கண்ணாடி வெச்சா முடிஞ்சுது.”

“எடுக்கணும்னா முத்திரையப் பிரிக்கணும். பிரிக்கணும்னா ஒப்படைச்சிருக்கணும். ஒப்படைக்கணும்னா படம் எடுத்திருக்கணும்,” என்றார் கண்காணிப்பாளர். அவர் குரலில் வருத்தத்தைவிடப் பெருமை அதிகம் இருந்தது.

கேமராவை நாலாவது தட்டில் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பல் அதைப் பார்த்தும் சிரித்துக்கொண்டே இருந்தது.

மறதி ஆபீஸில் வருஷக் கடைசியில் ஏலம் உண்டு. நூறு நாள் தாண்டிய பொருள் எல்லாம் அதில் போகும். ஏலத்தில் போகிற பொருளுக்குப் படம் வேண்டாம், ஏனென்றால் அதற்கு உரியவர் என்று யாரும் இல்லை. அந்த வருஷம் கேமரா செத்த பிறகு ஒரு பொருளும் திரும்பிப் போகாததால் அலமாரி முழுவதும் ஏலத்துக்கு வந்தது. அவரவர் பொருளை அவரவரே ஏலம் கேட்டு எடுத்துக்கொள்வது என்று வரிசையில் நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம். யாரும் யார் பொருளுக்கும் போட்டி போடக் கூடாது என்று எல்லோரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தோம்.

கூவுவதற்கு ஆள் வேண்டுமே. மார்க்கெட்டில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த ஏலக்காரரைக் கூப்பிட்டார்கள். கூவுகிறவர் கேட்கக் கூடாது என்பது ஏல விதி. அதனால் அவர் என்னிடம் வந்தார். ஒரு கவரை என் சட்டைப் பையில் வைத்து, மேலே தட்டினார்.

“நீங்க எடுத்துக் குடுங்கண்ணே. யாரும் பல்லுக்குப் போட்டி போட மாட்டாங்க. இருந்தாலும் எல்லாத்தையும் வெச்சிருக்கேன்.”

பதினொன்று என்று கத்தினது நான்தான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தார். “கவலைய விடுங்க தம்பி,” என்றேன்.

ஏலம் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் நடந்தது. இவர் கூவினதில் பாதி காற்றாகப் போனாலும், விரலைக் காட்டிச் சமாளித்தார். என் குறடு எனக்கு வந்தது. டீச்சர் பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள், திருத்த வேண்டுமே. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

கண்காணிப்பாளர் அரசாங்கத்தின் சார்பில் கேட்கலாமா கூடாதா என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார், பதில் வரவில்லை. பறவை சார் காலை நீட்டி உட்கார்ந்தபடி அற்பத்துக்கு ஒரு விலை சொன்னார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. இருபத்தேழு தேவைகளுக்கு ஏற்ற பாடி பொட்டலம் கடலை விலைக்குப் போகப் பார்த்தது. இது அநியாயம் என்று எனக்குள் ஒரு நியாயம் பொங்கிற்று. நியாயம் என்று அப்போது தோன்றியது. ஆசை என்று என் வீட்டுக்காரி பிற்பாடு திருத்தினாள்.

நான் கையைத் தூக்கினேன்.

பறவை சார் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஏற்றினார். நான் ஏற்றினேன். மருந்துக்கடைக்காரர், உள்ளே கண்ணாடி இல்லையே, அதுக்கா இவ்வளவு என்று பின்னாலிருந்து கேலி செய்தார். அதனாலேயே இன்னொரு தரம் ஏற்றினேன். என் பணம் எங்கே முடிந்தது, கவர் எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. கடைசியில் பறவை சார் கையை விரித்துவிட்டார்.

“ஒரு தரம்,” என்றார் ஏலக்காரர். என்னைப் பார்த்தார். “ரெண்டு தரம்.” என் சட்டைப் பையைப் பார்த்தார். எவ்வளவோ நேரம் நின்றார். முப்பது வருஷத்தில் எந்த ஏலத்திலும் அவர் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார். நான் கையை இறக்கவில்லை.

“மூணு தரம்.”

அடுத்தது டம்ளர். அவரே எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். ஒரு விலை சொன்னார். இறக்கினார். இன்னும் இறக்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் காலிக் கவரோடு நான் என் செருப்பைப் பார்த்தேன். வேறு யாராவது கேட்டிருக்கலாம், கேட்டு அவரிடமே கொடுத்திருக்கலாம். யாருக்கும் போட்டி போடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தோமே, அதை மட்டும் எல்லோரும் காப்பாற்றினார்கள். அக்கா கையைத் தூக்கினாள். ஊழியர் கேட்கக் கூடாது என்று கண்காணிப்பாளர் மெதுவாக அந்தக் கையை இறக்கி வைத்தார்.

ஏலம் போகாத பொருள் மறுபடி அலமாரிக்குப் போகும். புதுப் பதிவேடு, புது டோக்கன். ஏலக்காரருக்கு இந்தத் தடவை ஒன்றாம் நம்பர் கிடைத்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. கேமராதான் நம்மிடம் இருக்கிறதே, ஆபீஸுக்கு இரவலாகக் கொடுத்துவிடுகிறேன், இப்பவே படம் எடுத்துப் பல்லைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஏலக்காரரின் முகம்கூட மலர்ந்தது. இரவல் வாங்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை என்று கண்காணிப்பாளர் அறிவித்தார். முத்திரையைப் பிரித்து, முன்னால் இருந்த வட்ட மூடியைத் திருகி எடுத்தேன். உள்ளே ஓட்டை. கண் இருக்க வேண்டிய இடத்தில் என் விரல் போயிற்று.

“வெரல வெக்காதீங்க பெரியவரே,” என்றார் பறவை சார். “சென்சார்ல அழுக்குப் படும்.”

மறு வாரம் லென்ஸ் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. கேமராவுக்குச் சொந்தக்காரன் என்பதால் என்னையும் பொதுமக்கள் சார்பில் உறுப்பினராகப் போட்டார்கள். ஜன்னலுக்கு உள்ளே எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள், கை வைத்த நாற்காலி. குடைக்கடையில் அப்படி உட்கார்ந்ததில்லை. உள்ளே இருந்து பார்த்தால் வரிசை அவ்வளவு நீளமாகத் தெரியவில்லை. அதில் முதல் ஆளாக ஏலக்காரர் நின்றிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தேவையைச் சொல்ல வேண்டும் என்றார். “மொதல்ல நீங்க சொல்லுங்க பெரியவரே. நமக்கு எதைப் படம் எடுக்கணும்?”

வெளியே ஏலக்காரர் ஒரு விரலால் தன் வாயைத் தொட்டுக் காட்டினார்.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

“அவசரப்பட வேணாம் சார்,” என்றேன். “வாங்கறதுதான் வாங்கறோம், பறவைக்கும் ஆகற மாதிரி ஒண்ணாப் பார்ப்போம்.”